இடதுகைக்காரரைப் பார்க்கப் போனேன்

சனிக்கிழமை, காலை 5.10. பிரின்ஸ்டன் ஜங்ஷன் நடைமேடையில் என்னைத் தவிர ஆறு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நியூஜெர்சி பிளெய்ன்ஸ்பரோவில் நான் இருக்கும் அபார்ட்மென்ட்டிலிருந்து ஸ்டேஷன் மூன்று மைல். என்னோடு தங்கியிருக்கும் பிரபு காரில் இறக்கிவிட்டான். தூக்கம் கலையாத குரலில், "ஒரு அட்டையப் பாக்க மூவாயிரம் மைல் போறவன இன்னைக்குத்தான்டா பாக்குறேன். போட்டோவுல பாத்தா தெரியாதா?" என்றான். போட்டோவில் பார்த்ததால்தான் போகிறேன் என்று சொன்னேன். அவன் கொட்டாவி விட்டபடி காரைத் திருப்பினான்.

நியூவார்க் விமான நிலையத்துக்கு ரயில் கட்டணம் பத்தொன்பது டாலர் சொச்சம். சான் பிரான்சிஸ்கோவுக்கு விமானம், போக வர முந்நூற்றுப் பதினெட்டு. அன்றே திரும்புவதாக ஏற்பாடு. தோளில் ஒரு பை மட்டும். அதில் மாற்றுச்சட்டை, பருத்திக் கையுறை, கெட்டியான பிளாஸ்டிக் உறைகள் நான்கு, கட்டைவிரல் அளவு லென்ஸ் ஒன்று.

பேஸ்பால் கார்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் பபிள்கம் வாங்கினால் உள்ளே கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் போட்ட அட்டை இருக்குமே, அதன் தாத்தா இது. முன்பக்கம் ஆட்டக்காரர், பின்பக்கம் அவர் அடித்தது, எறிந்தது பற்றிய விவரம். இந்த நாட்டில் நூறு வருடத்துக்கும் மேலாக சிகரெட்டோடும் மிட்டாயோடும் ரொட்டியோடும் கொடுத்திருக்கிறார்கள். பார்சிப்பனி ஆபீசில் சேர்ந்த புதிதில் மதியச் சாப்பாட்டு மேசையில் எல்லாரும் பேஸ்பால் பேசுவார்கள். நான் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். கூட வேலை செய்தவர் ஒருவர் ஒரு பாக்கெட் கார்டு கொடுத்தார். பின்பக்கங்களைப் படித்துத்தான் அந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன். ஆறு வருடத்தில் என்னிடம் நாலாயிரம் கார்டு சேர்ந்துவிட்டது. விலை போகக்கூடியது என்று பத்துகூடத் தேறாது.

ஆனால் அச்சு எனக்குத் தெரியும். நான் சிவகாசிக்காரன். அப்பாவும் அம்மாவும் காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் வேலை செய்தவர்கள். தாங்கள் மடிக்கும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். எழுத்து தெரிவதற்கு முன்பே எனக்குப் புள்ளி தெரியும். எந்த வண்ணப் படத்தையும் லென்ஸில் பார்த்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பழைய கல்லச்சில் அப்படியில்லை, எழுத்து கோடுபோல முழு மையாக நிற்கும். பழைய கார்டைப் போட்டோ எடுத்து மறுபடி அச்சடித்த போலி என்றால் எழுத்தும் புள்ளியாக உடைந்துவிடும்.

காலை 8.05. விமானம் கிளம்பியது. பக்கத்து இருக்கையில் எழுபது வயது அமெரிக்கர். நான் லென்ஸைத் துடைப்பதைப் பார்த்துவிட்டு, வைர வியாபாரியா என்று கேட்டார். கார்டு என்றதும் அவர் முகம் சிறுவன் முகமாகிவிட்டது. கல்லூரிக்குப் போன வருடம் அவருடைய அம்மா மூன்று ஷூ பெட்டி கார்டுகளைக் குப்பையில் போட்டுவிட்டாராம். இந்த நாட்டில் பழைய கார்டு அரிதாக இருப்பதற்குக் காரணமே அம்மாக்கள்தான் என்றார். பிறகு ஒஹாயோ வரைக்கும் பேசவில்லை. இன்னும் ஆறவில்லை போல.

நான் பார்க்கப் போன கார்டை, சேர்ப்பவர்கள் மத்தியில் 'இடதுகைக்காரர்' என்பார்கள். யாரோ ஒரு ரொட்டிக் கம்பெனி வெளியிட்டது. அந்த ஆட்டக்காரர் வலது கையால் எறிபவர். அச்சகத்தில் படத்தை மட்டும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம்வலமாக மாற்றிப் பதித்துவிட்டார்கள். சட்டையில் எழுத்து எதுவும் இல்லாததால் ஒருவரும் கவனிக்கவில்லை. எங்கள் ஊரில் என்றால் ஃபோர்மேன் அன்று முழுக்கக் கத்தியிருப்பார். ஆட்டக்காரரே கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டுக் கொதித்துப்போனாராம். அச்சு நின்றது. மிச்சம் அடுப்புக்குப் போனது. இன்று உலகத்தில் இருப்பவற்றை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். நான் புத்தகப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தேன்.

மூன்று வாரத்துக்கு முன், தமிழ்ச் சங்கத்து குரூப் ஒன்றில் கலிபோர்னியாவின் சான் ரமோன்காரர் ஒருவர் ஒரு படம் போட்டு, 'இதைப் பற்றி யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டிருந்தார். கோபிசெட்டிபாளையத்து முருகேசன். பெண்ணுக்கு மேசை வேண்டும் என்று பக்கத்து ஊரான டான்வில்லில் ஒரு பழைய வீட்டுச் சாமான் விற்பனைக்குப் போய், நாற்பத்தைந்து டாலருக்கு ஒரு மர மேசை வாங்கியிருக்கிறார். இழுப்பறையில் விரித்திருந்த தாளுக்கு அடியில் பன்னிரண்டு கார்டு. பதினொன்று சாதாரணம். பன்னிரண்டாவதில் ஓர் ஆள் இடது கையை ஓங்கிக்கொண்டு நின்றான். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் எழுத்து முழுசா, புள்ளியா என்று தெரியவில்லை. அன்றே டிக்கெட் போட்டேன்.

சான் பிரான்சிஸ்கோவில் இறங்கியபோது அங்கத்து நேரம் 11.20. மின்சார ரயிலில் பன்னிரண்டு டாலர் சொச்சம், நடுவில் ஒரு மாற்றம், சான் ரமோனுக்குக் கிட்டத்து ஸ்டேஷனான டப்ளின் போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் மழை காணாத, மஞ்சளாகக் காய்ந்த குன்றுகள். நியூஜெர்சியில் அக்டோபர் மாதம் மரம் சிவக்கிறது. இங்கே மலை சிங்கத்தின் முதுகு மாதிரி இருக்கிறது.

முருகேசன் அண்ணன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். நாற்பத்தைந்து வயது, மெதுவான பேச்சு. ஜூன் மாதம் வேலை போய்விட்டது. டிசம்பருக்குள் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் வீட்டை விற்றுவிட்டு டெக்சாஸில் மச்சான் வீட்டுப் பக்கம் போய்விடுவதாகத் திட்டம். "பொண்ணு பன்னண்டாவது. ஸ்கூல் மாறுனா பேசவே மாட்டேன்னுட்டா. இப்பவே பெருசா ஒண்ணும் பேசறதில்லைங்க" என்று சிரித்தார். பிறகு, கார்டைப் பற்றி அவர் கேட்க விரும்பியும் கேட்காமல் ஓட்டுவது தெரிந்தது. ஏழு மைல் கழித்துக் கேட்டார்: "நெசமா இருந்தா, வீட்ட வித்துத்தான் ஆகணும்னு இருக்காதுங்களா தம்பி?" நிஜமாக இருந்தால் ஒரு வருடத்துக்குக் கவலை இருக்காது என்றேன். சொன்ன பிறகுதான், இந்த மனிதர் இதை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பார் என்று உறைத்தது.

மதியம் 1.25. வீட்டு வாசலில் அவருக்கு ஒரு போன் வந்தது, வேலை விஷயம். காரிலேயே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அவர் மனைவி கவிதா அக்கா கதவைத் திறந்தார்.

"வாங்க தம்பி. கை கழுவிட்டு வாங்க. நீங்க போன்ல சொன்ன மாதிரியே சாமி ரூம்லதான் வெச்சிருக்கேன்."

படிக்கட்டுக்குக் கீழே இருந்த அலமாரிதான் பூஜையறை. சரஸ்வதி பூஜை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. படத்துக்கு முன்னால் பட்டுத் துண்டு விரித்து, பெண்ணின் கணக்குப் புத்தகம், கால்குலேட்டர், அண்ணனின் லேப்டாப், காரின் மாற்றுச் சாவி எல்லாம் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கணக்குப் புத்தகத்தின் மேல் சாய்த்து நிறுத்தியிருந்தார் இடதுகைக்காரரை. அவருடைய தொப்பிக்கு மேலே, வெளிர்நீல வானத்தில், ஒரு சந்தனப் பொட்டு. அதன் நடுவில் குங்குமம்.

கிட்டே பார்க்கக் குனிந்தேன். பூஜையறை வாசலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். நான் கும்பிடுகிறேன் என்று நினைத்து அக்கா விபூதித் தட்டை நீட்டினார். எடுத்துப் பூசிக்கொண்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கையுறை போட நினைத்து இரண்டு கையையும் ஒரே உறைக்குள் நுழைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வழியாகக் கார்டை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய் லென்ஸை வைத்தேன். பெயர் எழுத்துகள் முழு மை. ஒரு புள்ளி இல்லை. நீலத்தின் மேல் பழுப்பு, பழுப்பின் மேல் கறுப்பு, கல்லச்சின் அடுக்கு அடுக்கான நிறம். பொட்டுக்கு வந்தேன். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் அட்டையின் நாருக்குள் இறங்கியிருந்தது. திருப்பினால் பின்பக்கமும் இளஞ்சிவப்பாக ஒரு வட்டம். இந்தக் காலத்து வழவழப்பான அட்டை என்றால் குங்குமம் மேலேயே நின்றிருக்கும். இது பூச்சு இல்லாத பழைய அட்டை, குடித்துவிட்டது. அசல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். அசல் என்று தெரிந்ததும் அது போய்விட்டது என்று தெரிந்ததும் ஒரே நொடியில்.

"ஏன் தம்பி, டூப்ளிகேட்டா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. ஒரிஜினல்."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி ஆயிருச்சு?"

பொட்டைக் காட்டினேன். கறை பட்டால் விலை விழுந்துவிடும் என்று சொன்னேன். அவர் லென்ஸை வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், குங்குமம் என்றால் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தது, எண்ணெய்ப் பசை வேறு இருக்கிறது, துணியிலேயே போகாது, காகிதத்தில் எங்கே போகும் என்றார். அவர் கெமிஸ்ட்ரி எம்.எஸ்ஸி. என்று அப்போதுதான் தெரிந்தது.

அதுதான் என்னை இன்னும் அடித்தது. இரண்டு வாரத்துக்கு முன் நான் கூப்பிட்டபோது முருகேசன் அண்ணன் இன்டர்வியூவில் இருந்தார். போனை எடுத்தவர் அக்கா. பிளாஸ்டிக் உறை, ஈரப்பதம், வெளிச்சம் என்று சொல்ல வாயெடுத்தேன். இவருக்கு இதெல்லாம் புரியாது என்று நானே முடிவு செய்துகொண்டு, அவருக்குப் புரியும்படி சொல்வதாக நினைத்து, "சாமி ரூம்ல வெச்சிருங்கக்கா, யாரும் தொட மாட்டாங்க" என்றேன். சொன்னதில் ஒரு பெருமைகூட இருந்தது எனக்கு. நடுவில் சரஸ்வதி பூஜை வருகிறது என்பது தமிழனான எனக்குத் தோன்றவில்லை. சாமியிடம் வைத்த பொருளுக்கு அன்றைக்குப் பொட்டு வைக்காமல் யார் விடுவார்கள்? எங்கள் அச்சகத்தில் கட்டிங் மெஷினுக்கே வைப்பார்கள்.

வாசல் கதவு திறந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "என்ன தம்பி, நெசமா?" என்றார்.

"நெசந்தாண்ணே."

அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அது ஒரு மூன்று நொடி இருந்தது. பிறகு என் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"இதென்ன செவப்பு?"

பொட்டு தெரியும்படி கார்டைத் திருப்பிக் காட்டினேன். அவருக்கே புரிந்துவிட்டது. "லேப்டாப்புக்கு வெச்ச, சரி. காருக்கு வெச்ச, சரி. இதுக்கு எதுக்கு கவி?"

"சாமிகிட்ட இருக்கறதுக்கு வெக்காம எப்படிங்க விடறது?"

"சாமிகிட்ட யாரு வெக்கச் சொன்னா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கையுறையைப் பார்த்தேன்.

"நானாத்தான் வெச்சேன்" என்றார் அக்கா.

வாயைத் திறக்க எனக்கு ஒரு நொடி இருந்தது. திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் நிபுணன் என்று வந்திருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அந்த ஒரு நொடி போதுமானதாக இருந்தது.

அண்ணன் கத்துகிற ஆள் இல்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பிட உட்கார்ந்தோம். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, பருப்பு, அப்பளம். அக்கா பரிமாறினார், அண்ணன் "போதும்" என்பதைக்கூட என்னைப் பார்த்துச் சொன்னார்.

மாலை 3.10. சான்டா கிளாராவில் ஒரு ஹோட்டல் அரங்கில் கார்டுச் சந்தை. 680 ஃப்ரீவேயில் தெற்கே முப்பத்தைந்து மைல். பார்க்கிங் பதினைந்து டாலர், நுழைவு பத்து. அக்கா வரவில்லை. இருநூறு மேசைக்குக் குறையாது. மீன் மார்க்கெட் சத்தம். கோடியில் ஒரு பெரியவர். எல்லாரும் அவரை 'டாக்' என்று கூப்பிட்டார்கள். பழைய கார்டு என்றால் அவரிடம்தான் போக வேண்டும் என்று நான் முன்பே விசாரித்து வைத்திருந்தேன். உறையை அவர் முன்னால் வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டிக்கொண்டார். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். ஐந்து பேர் சுற்றி நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றிவிட்டார், சாவு வீட்டில் நிற்பது போல.

இது என்ன, ஜாம் கறையா என்று டாக் கேட்டார். விளக்கினேன். வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் புத்தகங்களையும் கருவிகளையும் சாமி முன் வைத்துக் கும்பிடுவோம். இவர் வீட்டில் இருந்ததிலேயே உயர்ந்த பொருள் என்று இதையும் வைத்துவிட்டார்கள் என்றேன். அவர் கார்டையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சொன்னார்: சுத்தமாக இருந்திருந்தால் சான் ரமோனில் ஒரு வீட்டுக்கு முன்பணம். இப்போது ஒரு நல்ல பழைய கார். துடைக்காதே, தொடாதே, அவசரப்பட்டு விற்காதே.

அண்ணன் தலையை ஆட்டி நன்றி சொன்னார்.

வெளி வராந்தாவில் ஒரு ஆள் எங்கள் பின்னாலேயே வந்தான். மருந்து வைத்துக் கறையை எடுக்கத் தனக்கு ஆள் தெரியும், மேல் நிறத்தைத் தொட்டுச் சரி செய்துவிடுவார்கள், பாதிப் பாதி என்றான். வாங்குகிறவனுக்குத் தெரியவே தெரியாதாம். அவன் போன பிறகு அண்ணன் என்னிடம், "இது நடக்குமுங்களா?" என்று கேட்டார்.

"நடக்கும்ணே. ஆனா வாங்குறவன ஏமாத்துறதுதான் அது."

கொஞ்ச தூரம் நடந்தார். "ரெஸ்யூமேல இல்லாத எக்ஸ்பீரியன்ஸப் போடச் சொன்னாங்க, போடல. அதனாலதான் நாலு மாசமா வீட்ல உக்காந்திருக்கேன். இதுல இருக்கறத அழிக்கவா" என்றார். கார்டைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பித்தானைப் போட்டார்.

மாலை 5.20. 101இல் வடக்கே, விமான நிலையம் முப்பத்திரண்டு மைல். வலதுபக்கம் வளைகுடா வெயிலில் தகரம் மாதிரி மினுங்கியது. கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமல் அவர் பேசினார்.

"கல்யாணமாகிப் பத்தொம்பது வருஷம். எதையும் ஒரு வார்த்தை கேட்டுச் செய்ய மாட்டா தம்பி. எல்லாம் அவளா முடிவு பண்றது. நாளைக்கு டெக்சாஸ் போனாலும் இதத்தான் நெனச்சுட்டே போவேன்."

அது நான் செய்தது என்று சொல்ல விமான நிலையத்துக்கு முந்தைய மில்பிரே வெளிவழி வரை பத்து இடம் இருந்தது. ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனோம். அவர் தன் மனைவியை என் தவறோடு சேர்த்து எடைபோட்டுக்கொண்டே ஓட்டினார், நான் சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்தேன்.

6.05. புறப்பாட்டு வாசல். கார் நின்றது. நான் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டு, அப்படியே உட்கார்ந்தேன்.

"அண்ணே. அக்காவா வெக்கல. நான்தான் சாமி ரூம்ல வெக்கச் சொன்னேன். போன்ல. நீங்க இன்டர்வியூல இருந்தீங்க."

அவர் திரும்பினார். "அவ சொல்லலையே."

"சொல்லல."

"நீங்களும் சொல்லல."

"ஆமாண்ணே."

மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் விசில் ஊதி, காரை எடுக்கச் சொல்லிக் கை காட்டினாள். அவர் அவளைக் கவனிக்கவே இல்லை. பரவாயில்லை தம்பி என்று சொல்வார் என நான் காத்திருந்தேன், சொல்லவில்லை. கார்த் திரையைத் தொட்டு வீட்டு எண்ணைப் போட்டார். நான்கு தடவை மணி அடித்தது.

"ம்" என்றது அக்காவின் குரல்.

"கவி. வர்ற வழியில கடைக்குப் போறேன். ஏதாவது வாங்கணுமா?"

விசில் மறுபடி ஊதியது.

"பால் தீந்துருச்சு." கொஞ்சம் பொறுத்து, "கொத்தமல்லி இருந்தா ஒரு கட்டு. பாத்து வாங்குங்க, போன தடவ வாடுனத எடுத்துட்டு வந்தீங்க."

"சரி" என்றார்.

நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். என்னைப் பார்க்காமலே அவர் காரை எடுத்தார். அவருடைய கோபம் குறைந்திருக்கவில்லை. ஆள் மாறியிருந்தது, அவ்வளவுதான். உலகத்தில் ஐந்துக்கு மேல் இல்லாத ஒரு கார்டைக் கையில் பிடித்துப் பார்த்தவன், அந்தக் கோபத்தையும் எடுத்துக்கொண்டு, பிளெய்ன்ஸ்பரோவுக்குத் திரும்பும் வரிசையில் போய் நின்றேன்.